எண்பது கிராம்

பிப்ரவரி 4

அக்காவுக்கு,

முதல் வார்த்தையைப் பார்த்ததும் காகிதத்தைக் கசக்கிவிடாதே. இது கம்பெனி விஷயம். கூட வந்திருக்கும் அட்டைப்பெட்டியில் ஒரு லேப்டாப் இருக்கிறது. உங்கள் அலுவலகத்துக்கு நாற்பது லேப்டாப் வேண்டும் என்று கேட்டிருந்தீர்களே, அதற்கு எங்கள் கடையின் மாதிரி இது. இங்கே நான் ஒரு வருஷமாக மெக்கானிக். மாதிரியைச் சோதித்து அனுப்புவது என் வேலை. தேர்வுக் குழுவின் பெயர்ப் பட்டியலில் உன் பெயரைப் பார்த்தபோது கையில் இருந்த ஸ்க்ரூடிரைவர் நழுவிக் கால்மேல் விழுந்தது. சந்தோஷப்படு.

போனில் சொல்லலாம் என்றால் மூன்று வருஷமாக நீ என் நம்பரை அடைத்து வைத்திருக்கிறாய். அதனால் காகிதம்.

மெஷினைப் பற்றி: விலை குறைவு, ஆபீஸ் வேலைக்கு ஏற்றது. மூடியைத் திறந்து மூடிப் பார், கீல் ஆடுகிறதா என்று கவனி. எழுத்துப் பலகையின் நடுவில் கட்டைவிரலால் அழுத்திப் பார், உள்வாங்குகிறதா என்று. நாலு மணி நேரம் விடாமல் ஓட்டிவிட்டு அடியில் கை வைத்துச் சூடு பார். சத்தத்தை உனக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

இன்னொன்று. மெஷினுக்குள் ஓர் ஒலிப்பதிவு வைத்திருக்கிறேன். முழு வேலை கொடுத்து ஓட்டும்போது ஃபேன் எப்படிச் சத்தம் போடுகிறது என்று எங்கள் பட்டறையில் பதிவு செய்தது. நாற்பத்திரண்டு நிமிஷம். வெறும் ஃபேன் சத்தம்தானே என்று விட்டுவிடாதே. முழுசாகக் கேள்.

மாமா சௌக்கியமா?

உன் தம்பி


பிப்ரவரி 9

கடை மெக்கானிக் அவர்களுக்கு,

மாதிரி கிடைத்தது. பெட்டியின்மேல் கொட்டை எழுத்தில் "அக்காவுக்கு" என்று எழுதியிருந்ததும் கிடைத்தது. அதைப் பார்சல் வாங்குகிற பெண் பார்த்தாள், கணக்கர் பார்த்தார், மேலாளரும் பார்த்தார். "யார் மேடம் இது?" என்று கேட்டார். "என்னை எல்லாரும் அக்கான்னுதான் சார் கூப்பிடுவாங்க" என்று சமாளித்தேன். வேண்டுமென்றே எழுதினாயா, புத்தியில்லாமல் எழுதினாயா? புத்தியில்லாமல் நீ எதையும் செய்ததில்லை.

ஏன் கேட்கிறேன் என்றால், குழுவில் சேரும்போது எல்லாரும் ஓர் உறுதிமொழியில் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். விற்கும் கடைகளில் எனக்கு உறவினர் யாரும் இல்லை என்று. நீ பழைய கடையில் இருப்பதாக நினைத்துக்கொண்டுதான் நானும் போட்டேன். இப்போது போய், "சார், ஒரு தம்பி இருக்கிறான்" என்று சொன்னால் குழுவிலிருந்து எடுத்துவிடுவார்கள். சொல்லாவிட்டால் அந்தத் தாள் உன் கையில் கத்தி. ஏன் கேட்டேன் என்று இப்போது புரிகிறதா உனக்கு? மூன்று வருஷமாக எனக்குத் தம்பி இல்லை. அதனால் அந்தத் தாளில் பொய் இல்லை என்று வைத்துக்கொள்கிறேன்.

மெஷினைச் சோதித்தேன். மூடியை ஒரு விரலால் திறந்தால் அடிப்பாகம் தூக்கிக்கொள்ளவில்லை. கீல் நிறுத்திய இடத்தில் நிற்கிறது. எழுத்துப் பலகை உள்வாங்கவில்லை. காலையிலிருந்து மதியச் சாப்பாடு வரை ஓட்டினேன். அடியில் வெதுவெதுப்பு, அவ்வளவுதான். மடியில் வைத்து வேலை செய்யலாம். சத்தம் இல்லவே இல்லை. எங்கள் கூடம் உனக்குத் தெரியும். நாற்பது பேர் காதில் மாட்டிக்கொண்டு விசாரணைப் பதிவுகளைக் கேட்டுத் தட்டெழுதுகிறோம். சாட்சி வாய்க்குள் முணுமுணுப்பதுதான் பல சமயம் விஷயமே. நாற்பது ஃபேன் சேர்ந்து இரைந்தால் அந்த முணுமுணுப்பு போய்விடும்.

இந்த விலைக்கு இது மிக நன்றாக இருக்கிறது. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

உன் ஒலிப்பதிவைக் கேட்க எனக்கு நேரமில்லை. எதிரில் மெஷினே இருக்கும்போது அதன் சத்தத்தைப் பதிவில் எதற்குக் கேட்க வேண்டும்? இப்படி வற்புறுத்திச் சொல்கிற எதையும் நான் செய்வதில்லை. போன தடவை "கண்ணை மூடிக்கிட்டு வாங்கு அக்கா" என்றாய். வாங்கினேன். என்ன ஆயிற்று என்று நினைவிருக்கும்.

தலைமைத் தட்டெழுத்தாளர்


பிப்ரவரி 13

அக்கா,

"அக்கா" என்று எழுதியது பழக்கதோஷம். வேறு என்ன எழுதுவது? "மதிப்பிற்குரிய அம்மணி" என்றா? இந்தக் கடித உறையில் உன் பதவியை மட்டும் எழுதியிருக்கிறேன், பார்த்துக்கொள். உன் உறுதிமொழி பற்றி எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் பெட்டியில் உன் ஜாதகத்தையே எழுதியிருப்பேன் என்றுதானே நினைக்கிறாய்? நினைத்துக்கொள். உன் வாயை அடைக்க என்னால் முடியாது, மாமாவாலேயே முடியவில்லை.

போன தடவை என்ன ஆயிற்று என்று நினைவிருக்கிறது. நான் வாங்கிக் கொடுத்த லேப்டாப் சூடேறி, பேட்டரி ஊதி, பதினொரு நாள் வேலையோடு செத்தது. பெரிய வழக்கின் விசாரணை. உன்னைத் தலைமை நாற்காலியிலிருந்து இறக்கிக் கடைசி வரிசையில் உட்கார வைத்தார்கள். அந்த நாற்காலிக்குத் திரும்ப உனக்கு இரண்டு வருஷம் ஆயிற்று. மறுபடி ஒரு மெஷினால் அது போகக்கூடாது. அதனால்தான் கேட்கிறேன், இந்த மெஷினை நன்றாகச் சோதி.

நீ சோதித்தது எல்லாம் சரி. ஒன்றை விட்டுவிட்டாய். எடை போட்டுப் பார். விவரத்தாளில் உள்ள எடையும் தராசு சொல்வதும் ஒன்றா என்று பார்.

அப்புறம் அந்த ஒலிப்பதிவு. "வால் வரை கேளுங்கள்" என்று உன் கூடத்தில் எல்லாருக்கும் சொல்லித்தருவாயே. எல்லாம் முடிந்தது என்று சொல்லிவிட்டு, மெஷினை நிறுத்த மறந்தபிறகு மனிதர்கள் பேசுவதுதான் உண்மை என்று. வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் எத்தனை தடவை சொல்லி என் உயிரை வாங்கியிருப்பாய். அந்த மாதிரி கேள்.

ஒரு சந்தேகம். அந்தப் பழைய லேப்டாப்பை என்ன செய்தாய்? வீட்டிலேயே வைத்திருக்கிறாயா? ஊதின பேட்டரி ஆபத்து. வெயிலில் வைக்காதே, துணி பக்கத்தில் வைக்காதே. இரும்பு வாளியில் மணல் போட்டு அதற்குள் வை. விளையாட்டில்லை.

தம்பி


பிப்ரவரி 18

மெக்கானிக் அவர்களுக்கு,

பழைய லேப்டாப்பை எதற்கு விசாரிக்கிறாய்? அது என்னிடம்தான் இருக்கிறது. அலமாரியில், பழைய புடவைகளுக்கு நடுவில், பத்திரமாக. என்றைக்காவது நீ "நான் புதுசுதான் வாங்கிக் கொடுத்தேன்" என்று ஊரில் சொல்லித் திரிந்தால் எடுத்துக் காட்டுவதற்கு. அதை மணலில் புதைக்கச் சொல்கிறாய். சாட்சியைப் புதைக்க இதைவிட நல்ல வழி கிடைக்கவில்லையா?

உன் எடை விஷயத்துக்கு வருகிறேன். தபால் அறையில் பார்சல் நிறுக்கும் தராசு இருக்கிறது. மூன்று தடவை நிறுத்தேன். பார்சல் பெண், "என்ன மேடம், லேப்டாப்பைத் தபால்ல போடப் போறீங்களா?" என்று சிரித்தாள். விவரத்தாளில் உள்ளதைவிட எண்பது கிராம் கூட இருக்கிறது. ஒரு தடவை தவறு என்றால் தராசின் தவறு. மூன்று தடவையும் எண்பது கிராம்.

உள்ளே என்ன வைத்திருக்கிறாய்?

நான் முட்டாள் இல்லை. இங்கே தட்டெழுதுவது எல்லாம் வெளியே போகக்கூடாத விசாரணைகள். அதைக் கேட்க ஆசைப்படுகிறவர்கள் எத்தனையோ பேர். ஓர் ஒட்டுக்கேட்கும் கருவிக்கு எண்பது கிராம் தாராளம். அதனால்தான் விலை குறைவா? அதனால்தான் இவ்வளவு அமைதியா? கேட்கிறவன் சத்தம் போடமாட்டான் அல்லவா?

அன்றிலிருந்து அந்த மெஷினைத் துண்டில் சுற்றிப் பாத்திரம் கழுவும் அறையில் வைத்திருக்கிறேன். உன் மாமாவிடம் சொன்னேன். அலுவலகத்துக்கு வந்தவர் நேராக அந்த அறைக்குப் போய், லேப்டாப்பின்மேல் காதை வைத்து, "மாப்பிள்ளை, நல்லா இருக்கியா?" என்று கேட்டுவிட்டு வந்தார். அவருக்கு எல்லாமே விளையாட்டு.

திறந்து பார்த்துவிடலாம். ஆனால் அடியில் முத்திரை ஒட்டியிருக்கிறது. மாதிரியின் முத்திரையைக் கிழித்தால் "நீங்கள்தான் உள்ளே எதையோ மாற்றினீர்கள்" என்று உன் கடை சொல்லும். அதற்கும் சேர்த்துத்தான் ஒட்டியிருப்பாய்.

எடை போடச் சொன்னதே நீதான். திருடன் எதற்காகத் தானே வந்து பூட்டைக் காட்டுகிறான்? இதை நான்கு நாளாக யோசிக்கிறேன். விடை கிடைக்கவில்லை. உன் ஒலிப்பதிவைக் கேட்கப் போகிறேன். உன் பேச்சுக்காக இல்லை. ஆதாரத்துக்காக.

தலைமைத் தட்டெழுத்தாளர்


பிப்ரவரி 21

அக்கா,

ஒட்டுக்கேட்கும் கருவி எல்லாம் இல்லை. உன் கூடத்தில் நாற்பது பேர் தட்டுகிற சத்தத்தைக் கேட்டு எவன் என்ன செய்வான்?

புடவைக்கு நடுவிலா வைத்திருக்கிறாய்! அக்கா, தயவுசெய்து இன்றே அதை அங்கிருந்து எடு. என்மேல் எவ்வளவு கோபம் வேண்டுமானாலும் வைத்துக்கொள், வீட்டைக் கொளுத்திக்கொள்ளாதே. இதில் மட்டும் என்னை நம்பு.

குழு கூடுவது மார்ச் நாலாம் தேதி என்று கேள்விப்பட்டேன். அதற்கு முன்னால் எதிலும் கையெழுத்துப் போடாதே. கேட்டு முடித்துவிட்டுப் போடு. கேட்டு முடித்துவிட்டு.

இதற்குமேல் எழுதினால் நீ வேறு ஏதாவது கண்டுபிடிப்பாய்.

தம்பி


பிப்ரவரி 26

உனக்கு,

கேட்டேன்.

மற்றவர்கள் டீ குடிக்கப் போன நேரம், பாத்திரம் கழுவும் அறையிலிருந்து மெஷினைக் கொண்டுவந்து காதில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். முதல் இருபத்தைந்து நிமிஷம் ஃபேன். இந்த மாதிரியின் ஃபேன்தான், சந்தேகமில்லை. தூரத்தில் ஒரு கதவு. யாரோ டம்ளரை வைக்கும் சத்தம். நடுவில் நீ இரண்டு தடவை தும்மினாய். உன் தும்மலை எனக்கு அடையாளம் தெரிந்ததற்காக எனக்கு என்மேலேயே கோபம் வந்தது.

அதன்பிறகு வந்ததை எங்கள் வழக்கப்படி தட்டெழுதியிருக்கிறேன். நகல் இதோ.

*26ஆம் நிமிஷம்.*
*(கதவு திறக்கும் சத்தம். செருப்புச் சத்தம்.)*
*ஆண் குரல் 1: என்னப்பா, அந்த ஆபீஸ் மாதிரி ரெடியா?*
*ஆண் குரல் 2: ஓடிட்டு இருக்கு முதலாளி.*
*ஆண் குரல் 1: ரெண்டு செம்புக் குழாயும் போட்டாச்சா? நல்ல ஃபேன்?*
*ஆண் குரல் 2: போட்டாச்சு. கீலும் இரும்புக் கீல்தான்.*
*ஆண் குரல் 1: அப்படியே அனுப்பு. நாப்பதுக்கும் ஒரு குழாய், சாதா ஃபேன், பிளாஸ்டிக் கீல். மூடி ஒரே மாதிரி, நம்பர் ஒரே மாதிரி. யாரு பிரிச்சுப் பார்க்கப் போறா?*
*(ஒன்பது விநாடி மௌனம்.)*
*ஆண் குரல் 1: என்ன?*
*ஆண் குரல் 2: சரி முதலாளி.*
*27ஆம் நிமிஷம்.*

சரி முதலாளி.

அங்கேயே காதிலிருந்து கழற்றி வைத்துவிட்டேன். எண்பது கிராம் என்ன என்று தெரிந்துவிட்டது. சூட்டை வெளியே கொண்டுபோகிற செம்புக் குழாய் இன்னொன்று, நல்ல ஃபேன், இரும்புக் கீல். எனக்குக் காட்டுவதற்கு மட்டும். வருகிற நாற்பதும் அந்தப் பழைய லேப்டாப் மாதிரி சூட்டில் வேகும், நாற்பது ஃபேனும் இரையும், ஆறு மாதத்தில் மூடிகள் கையோடு வரும். "யார் தேர்ந்தெடுத்தது?" என்று கேட்பார்கள். நான். மறுபடி கடைசி வரிசை. இந்தத் தடவை வாசலுக்கே அனுப்பிவிடுவார்கள்.

பதிவில் உன் முதலாளி வந்து பேசியது உனக்கு மறந்துபோயிருக்கும். அவசரத்தில் அப்படியே அனுப்பிவிட்டாய். எடை போடச் சொன்னது எதற்கு என்று மட்டும் இன்னும் புரியவில்லை. நேர்மையாளன் மாதிரி நடிக்க ஏதாவது ஒன்று சொல்ல வேண்டும், நான் எங்கே நிறுக்கப் போகிறேன் என்று நினைத்திருப்பாய்.

மார்ச் நாலாம் தேதி இந்தத் தாளைக் குழுவின் முன்னால் வைப்பேன். உன் பெயரை எழுதவில்லை. "ஆண் குரல் 2" என்றுதான் போட்டிருக்கிறேன். உன்மேல் இரக்கப்பட்டு இல்லை. உன் பெயரை என் கையால் தட்ட வரவில்லை.

மூன்று வருஷத்துக்கு முன்னால் உன்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "அது பழைய மெஷின்னு உனக்குத் தெரியுமா?" என்று. "சத்தியமாத் தெரியாது அக்கா" என்றாய். என்னில் பாதி அதை நம்பிக்கொண்டே இருந்தது. அந்தப் பாதியும் நேற்று போய்விட்டது.


மார்ச் 1

அக்கா,

உன் கடிதம் வந்தது. தட்டெழுதிய தாளை நாலு தடவை படித்தேன். ஒன்பது விநாடி என்று எண்ணிப் போட்டிருக்கிறாயே, எனக்கு அது ஒன்பது நிமிஷம் மாதிரி இருந்தது.

முதலில் உன் கேள்விக்குப் பதில். மூன்று வருஷம் தாமதம்.

தெரியும்.

பழைய மெஷினுக்குப் புது மூடி போட்டது என்று எனக்குத் தெரியும். அந்த மூடியை மாட்டியதே நான்தான். அப்போதைய முதலாளி, "உங்க அக்காதானே, ஒண்ணும் ஆகாது, ஆச்சுன்னா பார்த்துக்கலாம்" என்றார். வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம். வாயை மூடிக்கொண்டேன். ஒன்றும் ஆகாது என்று நானும் என்னை ஏமாற்றிக்கொண்டேன். உன்னைக் கடைசி வரிசையில் உட்கார வைத்தார்கள் என்று மாமா சொன்ன அன்று சொல்லியிருக்கலாம். பயம். அதற்கப்புறம் ஒவ்வொரு நாள் தள்ளிப்போகும்போதும் சொல்வது கஷ்டமாகிக்கொண்டே போனது. நீ என்னைச் சந்தேகப்பட்டது முழுக்க முழுக்க சரி. உன் சந்தேகத்தைத் தப்பு என்று மாமாவிடமும் மற்றவர்களிடமும் சொல்லி அழுதேனே, அதுதான் நான் செய்ததிலேயே அசிங்கம்.

இப்போது ஒலிப்பதிவு.

அக்கா, அது நாற்பத்திரண்டு நிமிஷம். நீ கேட்டது இருபத்தேழு.

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிறவள், காதில் ஒரு கொசுவை விடாதவள், நாற்பது பேருக்கு வால் வரை கேட்கச் சொல்லித்தருகிறவள், என் விஷயத்தில் மட்டும் பாதியில் கழற்றி வைத்துவிட்டாய். ஏன் என்று எனக்குத் தெரியும். நீ கேட்க நினைத்தது உனக்குக் கிடைத்துவிட்டது.

மீதியில் என்ன இருக்கிறது என்று நான் எழுதமாட்டேன். ஒரு தாளில் "அக்கா, இந்த மெஷினை வாங்காதே" என்று முதல் நாளே எழுதியிருக்கலாமே என்பாய். எழுதியிருந்தால் நம்பியிருப்பாயா? போட்டிக் கடைக்காரனிடம் காசு வாங்கிவிட்டேன் என்பாய். என் வார்த்தைக்கு உன்னிடம் என்ன விலை என்று எனக்குத் தெரியும். உன் காதைத்தான் நீ நம்புவாய். ஃபேன் சத்தத்தை நாற்பத்திரண்டு நிமிஷம் உட்கார்ந்து கேட்கிற ஆள் உலகத்தில் ஒருத்திதான் என்று நினைத்துத்தான் அதை அதில் வைத்தேன்.

தாளைக் குழுவிடம் கொடு. ஆண் குரல் 2 யார் என்று கேட்டால் சொல்லிவிடு. நேற்றோடு வேலையை விட்டுவிட்டேன். முதலாளி காரணம் கேட்டார். "நாலாம் தேதி தெரியும்" என்றேன்.

கேட்டாலும் சரி, கேட்காவிட்டாலும் சரி. அந்தப் பேட்டரியைப் புடவைக்குள்ளிருந்து எடுத்தாயா?

தம்பி


மார்ச் 6

தம்பிக்கு,

உன் கடிதம் மூன்றாம் தேதி மதியம் வந்தது. "தெரியும்" என்ற வார்த்தையைப் படித்ததும் எழுந்துபோய் முகம் கழுவினேன். அவ்வளவு கோபம். இப்போதும் இருக்கிறது. அது சீக்கிரம் போகும் என்று எதிர்பார்க்காதே.

அன்றே மீதியைக் கேட்டேன். கூடத்தில் எல்லாரும் இருந்தார்கள், நான் பாட்டுக்கு என் இடத்தில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். முப்பதாவது நிமிஷத்தில் மெஷின் மாறுகிறது. பழைய ஃபேன் நிற்கிறது, புதிதாக ஒன்று ஓட ஆரம்பிக்கிறது. மூன்றே நிமிஷத்தில் அது கீச்சென்று ஏற ஆரம்பித்துவிட்டது. காதுக்குள் தகரத்தைச் சுரண்டுகிற மாதிரி. நடுவில் ஒரு மூடி திறக்கிற சத்தம், கீல் முனகுகிறது. இந்த மாதிரியின் கீலைப் பத்து நாள் திறந்து மூடியவள் நான். அது முனகாது. இரண்டும் வேறு மெஷின் என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அப்புறம் நீ. அதையும் வழக்கப்படி தட்டெழுதினேன்.

*39ஆம் நிமிஷம்.*
*ஆண் குரல் 2: அக்கா, நான்தான். இப்ப நீ கேக்குறது வரப்போற நாப்பதுல ஒண்ணு. தொட்டா கை சுடுது. இதை வாங்காத. உன் நாற்காலி போயிடும். நான் போன தடவை வாயைத் திறக்கல, இந்தத் தடவை திறந்துட்டேன். அவ்வளவுதான்.*
*(நாற்காலி நகரும் சத்தம்.)*

"அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டுப் பதிவை நிறுத்த மறந்துவிட்டாய். இன்னும் இரண்டு நிமிஷம் ஓடியிருக்கிறது. அதில் நீ அழுதது உனக்குத் தெரியும், எனக்கும் தெரியும். குழுவுக்குக் கொடுத்த தாளில் அந்த இடத்தில் "(தெளிவில்லை)" என்று போட்டிருக்கிறேன். இத்தனை வருஷ வேலையில், காதில் தெளிவாக விழுந்ததை அப்படி எழுதியது இதுதான் முதல் தடவை.

நாலாம் தேதி நடந்ததைச் சொல்கிறேன். நாற்பத்திரண்டு நிமிஷத் தாளையும் மேஜையில் வைத்தேன். ஆண் குரல் 2 என்று இருந்த இடங்களை எல்லாம் அடித்துவிட்டுப் பேனாவால் "என் தம்பி" என்று எழுதியிருந்தேன். மேலாளர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"உறவு யாரும் இல்லன்னு நீங்கதானே மேடம் கையெழுத்துப் போட்டீங்க?"

"ஆமா சார். தப்பா எழுதிட்டேன். எனக்கு ஒரு தம்பி இருக்கான்."

"எப்ப தெரிஞ்சுது?"

"முப்பத்தொம்பதாவது நிமிஷத்துல."

கணக்கருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மேலாளருக்கு வரவில்லை. நீ விட்டுவந்த கடையைப் பட்டியலிலிருந்து அடித்தார்கள். அடுத்து யார் மாதிரி கொடுத்தாலும், வந்து இறங்கும் மெஷின்களில் ஏதாவது மூன்றை எடுத்து எடை போட்டு, ஓட்டி, கேட்டபிறகுதான் வாங்குவது என்று எழுதிக்கொண்டார்கள். அதை நான் செய்யமாட்டேன். என்னைக் குழுவிலிருந்து எடுத்துவிட்டார்கள். பொய் உறுதிமொழிக்கு எழுத்தில் விளக்கம் கேட்டிருக்கிறார்கள். தலைமை நாற்காலி இருக்குமா என்று இந்த மாதக் கடைசியில் தெரியும். போனாலும் போகட்டும். போன தடவை இறக்கிவிட்டார்கள். இந்தத் தடவை போனால், நான் சரியான ஒன்றைச் செய்துவிட்டுப் போகிறேன்.

பாதியில் கழற்றி வைத்தது என் தப்பு. அதைப் பற்றி நீ எழுதியது ஒவ்வொன்றும் உறைத்தது. மூன்று வருஷத்துக்கு முன்னாலும் உன்னை ஒரு கேள்வி கேட்டுவிட்டு, நீ வாயைத் திறந்து மறுபடி ஏதோ சொல்ல வந்தபோது கதவைச் சாத்தினேன். அன்று அந்தக் கதவைத் திறந்து வைத்திருந்தால் சொல்லியிருப்பாயோ என்னவோ. சொல்லியிருக்கமாட்டாய் என்றும் தோன்றுகிறது. இரண்டும் மாறிமாறித் தோன்றுகிறது.

நம்பரைத் திறந்துவிட்டேன். ஆனால் போன் செய்யாதே, நேரில் வா. வேலை வேறு இல்லை உனக்கு, என்ன அவசரம். உன் மாமா வாசலில் நின்று, அன்று லேப்டாப்பிடம் கேட்டதையே உன்னிடம் கேட்கப் போகிறாராம். திட்ட வேண்டியதை எல்லாம் நான் எழுதாமல் வைத்திருக்கிறேன், வந்து வாங்கிக்கொள். வால் வரை நின்று கேட்க வேண்டும்.

வரும்போது அந்தப் பழைய மெஷினையும் எடுத்துக்கொண்டு போ. எனக்கு இனி அது வேண்டாம். புடவைக்கு நடுவில் இல்லை, பயப்படாதே. பிப்ரவரி இருபத்திரண்டாம் தேதி உன் கடிதம் வந்த அன்றே எடுத்துவிட்டேன். மொட்டை மாடியில், நிழலில், இரும்பு வாளியில் மணல் போட்டு வைத்திருக்கிறேன், நீ சொன்ன மாதிரியே.

அக்கா